ஏலகிரி வளைவில் ஒரு தட்டு

வண்டி படுத்துக் கிடந்தது. பின்சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

பெட்ரோல் வாசனை அடித்தது. ரப்பர் தேய்ந்த வாசனை. இரண்டுக்கும் நடுவில் புளியோதரை வாசனை. பத்மா விடியற்காலையில் எழுந்து தாளித்து வாழையிலையில் கட்டிய பொட்டலம் பிரிந்து ரோட்டில் கிடந்தது. வளைவுச் சுவர்மேல் இருந்த குரங்குகள் இறங்கி வந்தன. எங்களை ஒரு பார்வை பார்த்தன. இந்தக் கிழவிகளால் ஆபத்தில்லை என்று தெரிந்ததும் பந்தியில் உட்கார்ந்துவிட்டன.

"சலோமி, நான் உசிரோட கீறேனா?" என்று கேட்டாள் லூர்து. என் பின்னால் உட்கார்ந்து வந்தவள். இப்போது ரோட்டோரம் காலை நீட்டி, ஹெல்மெட் கண்வரைக்கும் இறங்கி, உட்கார்ந்திருந்தாள்.

"கேக்குறியே, அப்போ கீறே."

"என் ஜெபமாலை எங்கடி?"

"உன் கையில."

பின்னால் ஸ்கூட்டரில் வந்த பத்மா எங்கள்மேல் ஏற்றாமல் இருக்க, சுவரில் உரசி நிறுத்தியிருந்தாள். முழங்கையில் தோல் வழண்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. அவள் கையைப் பார்க்கவில்லை. "என் புளியோதரை" என்றாள்.

ஏலகிரி மலை ஏறுகிற ரோடு அது. வளைவுக்கு வளைவு நம்பர் போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் வளைவின் போர்டுமேல் ஒரு தடிக் குரங்கு உட்கார்ந்து வாலைத் தொங்கவிட்டிருந்ததால், எத்தனையாவது வளைவில் விழுந்தேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மேலே போய்க்கொண்டிருந்த ஒரு வேன் நின்றது. பெங்களூர்ப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் குதித்து இறங்கினார்கள். இருவர் வண்டியைத் தூக்கினார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான். கண்ணாடி போட்ட ஒருவன் என் பக்கத்தில் குந்தி, "அஜ்ஜி, யாருக்கு போன் பண்ணணும்? நம்பர் சொல்லுங்க" என்றான். அஜ்ஜி என்றால் கன்னடத்தில் பாட்டி.

நம்பர் எனக்கு மனப்பாடம். என் மகன் நம்பர். நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

"ஒருத்தருக்கும் பண்ண வேணாம்" என்றேன்.

அப்படி ஏன் சொன்னேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அவசரப்படாதீர்கள். வண்டியைத்தான் தூக்கி நிறுத்தியாயிற்றே.

வாசலில் வந்து நின்ற ஆள்

எங்கள் வீடு மைசூர் மைன்ஸில், மூடிப்போன தங்கச் சுரங்கத்து லைன் வீடு. நானும் என் மகன் சாமுவேலும் இருக்கிறோம். அவன் மாரிகுப்பத்தில் விடிகாலை ரயில் ஏறி பெங்களூர் போய் வேலை பார்த்து, பொழுது சாய்ந்து வருகிறவன். நாற்பதைத் தொட்டுவிட்டான். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று எழுதினால் என்னோடு பேச மாட்டான். போன வாரம் இதே பத்திரிகையில் எங்கள் லைன் குழாயடிச் சண்டையை எழுதினதற்கே இரண்டு வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. பரவாயில்லை. முன்னாடியும் அவர்கள் சண்டை போட மட்டும்தான் பேசினார்கள்.

எங்களிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. கருப்பு வண்டி. மைன்ஸ் மூடினபோது என் வீட்டுக்காரர் வாங்கியது. உதைத்து ஸ்டார்ட் பண்ணுகிற பழைய வண்டி. நான்தான் ஓட்டுகிறேன். மார்க்கெட், ஆஸ்பத்திரி, சர்ச், கல்யாணம், சாவு, எல்லாவற்றுக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து குழம்பு கூட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ஆள் என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். டயரை உதைத்தான். சீட்டை அமுக்கினான்.

"இன்னாப்பா வேணும்?"

"சார் வரச் சொன்னாரு. பழைய வண்டி எடுக்கறேன்."

சார் என்றால் என் மகன். உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

நான் அடுப்பை அணைத்தேன். கையைத் துடைத்தேன். வெளியே போய் வண்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"அம்மா, இறங்கு" என்றான் சாமுவேல்.

"எடுக்கச் சொல்லு. என்னோட சேத்து எடுக்கச் சொல்லு."

"உனக்கு எழுபது தாண்டிடுச்சி. எங்கனா விழுந்தீன்னா? நான் ஆபீசுல உக்காந்துகினு என் மனசெல்லாம் ரோட்டுல கீது. போன் அடிச்சாலே வயிறு கலங்குது."

அவன் சொன்னதில் பொய்யில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் தெரியும். ஆனால் வயிறு கலங்குகிறவன் வயிற்றைத்தானே பார்க்க வேண்டும், என் வண்டியை ஏன் விற்க வேண்டும்?

"எங்க போய் விழுந்தேன் நானு?"

"ஊருக்குள்ள ஓட்டறது ஓட்டறதா? மேடு பள்ளம் ஒண்ணு வந்தா தெரியும்."

மேடா? எனக்கு ஏறிவிட்டது. அந்த ஆள் முன்னாலேயே சொன்னேன். "ஏலகிரி மலை ஏறி இறங்கி, பொழுது போறதுக்குள்ள வர்றேன். நடுவுல ஒரே ஒரு தரம் உதவின்னு உனக்கு போன் வந்திச்சின்னா, சாவியை உன் கையில குடுத்துடறேன். வரலைன்னா, வண்டின்ற பேச்சு இனிமே உன் வாயில வரக்கூடாது."

பழைய வண்டி எடுக்கிறவன் சிரித்தான். மகன் சிரிக்கவில்லை. என்னை அறிந்தவன்.

மலைக்குப் போனவரும் சோறு கட்டினவளும்

ஏன் ஏலகிரி என்று கேட்பீர்கள்.

மைன்ஸ் ஓடின காலத்தில் வருஷத்தில் ஒரு நாள் ஷிப்ட்காரர்கள் எல்லாம் சேர்ந்து பஸ் பிடித்து ஏலகிரி போவார்கள். ஆம்பிளைகள் மட்டும். நாங்கள் விடியுமுன் எழுந்து கறி வறுத்து, சோறு கட்டி, துண்டு மடித்துக் கொடுத்து, பஸ்ஸுக்குக் கையாட்டி அனுப்புவோம். திரும்பி வரும்போது ஆளுக்கொரு பலாப்பழம் கொண்டுவருவார்கள். மலை எப்படி இருந்தது என்று கேட்டால், "நல்லா ஜில்லுனு இருந்திச்சி" என்பார் அவர். இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த மலை அவ்வளவுதான். ஒரு ஜில்லு, ஒரு பலாப்பழம்.

எங்கள் ஊரில் மலை என்றால் சயனைட் மேடு. தங்கம் எடுத்தபின் மிச்ச மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடு. காற்றடித்தால் வெள்ளைத் தூசி கிளம்பி காய்ந்த துணியெல்லாம் மறுபடி துவைக்கிற மாதிரி ஆகும். அதைத் தவிர வேறு மேடு ஏறினவள் இல்லை நான்.

லூர்துவும் அப்படித்தான். பக்கத்து மைன்ஸ் பாலகாட்டில் இருக்கிறாள், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தவள். அவள் வீட்டுக்காரரும் மைன்ஸில் இருந்து போய்ச் சேர்ந்தவர். "நானும் வர்றேன், பின்னாடி உக்கார்றதுக்கு ஒரு ஆளு வேணாமா?" என்றாள். பத்மா பஜாரில் பாத்திரக் கடைக்காரி. குக்கர் ரப்பர் மாற்றப் போய் சண்டையில் தொடங்கின சிநேகம், பதினைந்து வருஷமாக நிற்கிறது. எங்களைவிடச் சின்னவள். "அக்கா, கல்லாவுல உக்காந்து உக்காந்து எனக்கு இடுப்பே மறந்துபோச்சு. ஸ்கூட்டர் எடுத்துகினு நானும் வர்றேன்" என்றாள். கடையைப் புருஷனிடம் ஒப்படைத்தாள். அவர் ஒரு நாள் முழுக்க விலை தெரியாமல் விற்றார் என்று பிறகு கேள்வி.

திட்ட மூச்சில்லாத வாத்தியார்

மலைக்குப் போகுமுன் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது இல்லாமல் நான் விழுந்தது புரியாது.

என் வீட்டுக்காரர் கேஜில் மணி அடிக்கிற வேலை பார்த்தார். கேஜ் என்றால் ஆட்களை ஏற்றிப் பூமிக்குள்ளே இறக்குகிற கூண்டு. மேலே இஞ்சின் ஓட்டுகிறவருக்குக் கீழே இருக்கிறவன் முகம் தெரியாது, குரல் கேட்காது. மணிதான் பேச்சு. ஓடும்போது ஒரு அடி அடித்தால் நில். இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால், ஏறுவது சாமான் இல்லை, மனுஷன், பார்த்து நடத்து.

பாறை வெடித்தால் சங்கு ஊதும். லைனில் இருக்கிற பெண்கள் எல்லோரும் அடுப்பை அப்படியே விட்டு, கூண்டு இறங்குகிற ஷாப்ட் வாசலுக்கு ஓடுவோம். ஒரு கோட்டுக்கு அப்பால் எங்களை விடமாட்டார்கள். நிற்போம். மணிச் சத்தம் கேட்கும், கூண்டு மேலே வரும், யார் முகம் என்று பார்ப்போம். நின்று நின்று பழகின கால்கள் எங்களுடையது.

மைன்ஸ் மூடினது. அவர் நெஞ்சில் தூசி மட்டும் மூடாமல் இருந்தது. கொஞ்ச வருஷத்தில் வண்டி ஓட்ட முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோக்காரனை எத்தனை நாள் கெஞ்சுவது? "நீ ஓட்டு" என்றார் ஒரு நாள்.

சயனைட் மேட்டுக்குக் கீழே இருக்கிற வெட்டவெளியில் கற்றேன். அவர் பின்னால் உட்காருவார். மற்ற ஆம்பிளைகள் வீட்டுப் பெண்களுக்கு வண்டி கற்றுத் தருவதைப் பார்த்திருப்பீர்கள், திட்டு ஊர்வரைக்கும் கேட்கும். இவருக்குத் திட்ட மூச்சில்லை. அதனால்தான் நான் சீக்கிரம் கற்றேன்.

பேச முடியாததால் வலது தோளில் தட்டுவார். ஒரு தட்டு, நில். இரண்டு தட்டு, மெதுவாகப் போ. மூன்று தட்டு, ஏறிவிட்டேன், புறப்படு. ஆறேழு வருஷம் அப்படியே ஓட்டினேன். பேச்சே கிடையாது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்த வண்டிமேல்தான்.

அவர் போனபிறகு என் பின்னால் யாரும் உட்கார்ந்ததில்லை. காய்கறிப் பைதான் உட்காரும்.

ஆந்திரா போலீசு

அது ஒரு சனிக்கிழமை. பனி விலகாத நேரத்தில் புறப்பட்டோம். மகன் வாசலில் நின்றான். "பெட்ரோல் பாத்தியா?" என்று மட்டும் கேட்டான். "நீ பொறக்கும்போது உன்னைப் பாத்த மாதிரி பாத்தேன்" என்றேன்.

லூர்துவை ஏற்றப் போனால், அவள் தலையில் அவள் வீட்டுக்காரரின் மைன்ஸ் ஹெல்மெட். முன்னால் விளக்கு மாட்டுகிற கொக்கியோடு.

"இது இன்னாடி?"

"ஹெல்மெட்டு. ஹெல்மெட்டு போடணும்னு சொன்னல்ல?"

பிசாநத்தம் தாண்டினால் ஆந்திரா. குப்பத்துக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். இளவயசுக்காரர். எங்கள் மூவரையும் பார்த்தார். பிறகு லூர்து தலையைப் பார்த்தார். அதை விட்டுக் கண் எடுக்கவில்லை.

"அவ்வா, எக்கடிகி?" என்றார், எங்கே போகிறாய் பாட்டி என்று.

"கொண்டகி" என்றேன், மலைக்கு என்று. எங்கள் ஊரில் பிறந்தால் மூன்று பாஷையும் தாய்ப்பாலோடு வரும். லைசென்ஸைக் காட்டினேன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் என்றாலும், லைசென்ஸ் வாங்கினவள் நான். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த ஹெல்மெட் செல்லாதும்மா" என்றார், தெலுங்கில்.

லூர்துவுக்குக் கோபம் வந்தது. "ஏம்பா, பூமிக்கடியில பாறை விழுந்தே இது தாங்கிச்சி. உன் லாரி எம்மாத்திரம்?"

அவர் சிரித்துவிட்டார். திரும்பி வரும்போது சரியானதாக ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொல்லி விட்டார். வாங்கினோம், நாட்றம்பள்ளியிலேயே. ஆனால் லூர்து பழையதைத் தூக்கிப் போட மாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், குழந்தை மாதிரி.

பொன்னேரி கூட்டுரோட்டில் டீ குடித்தோம். அண்ணாந்து பார்த்தால் மலை. பச்சையாக, பெரிதாக, யாரும் கொட்டாமல் தானாக நின்றது.

"இவ்ளோ ஒசரமா?" என்றாள் லூர்து.

"நம்ம ஆளுங்க இதைவிட ஆழம் போனாங்கடி" என்றேன். "அவங்க இறங்கினதை நாம ஏர்றோம், அவ்ளோதான்."

வளைவு

இரண்டாம் கியரில் ஏறினோம். வண்டி முனகினது, ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. காற்று மாறினது. வேப்பம்பூவும் ஈரமண்ணும் கலந்த மாதிரி ஒரு மணம். பின்னால் லூர்து ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வளைவுக்கும் குரல் ஏறும்.

அந்த வளைவு வந்தது. பாதி திரும்பியிருப்பேன். மரங்கள் விலகி, கீழே சமவெளி முழுக்க வெயிலில் விரிந்தது. ஏரி, ரோடு, தீப்பெட்டி மாதிரி வீடுகள்.

"ஏ, அங்க பாருடி!" என்று லூர்து என் வலது தோளில் தட்டினாள்.

ஒரு தட்டு.

என் கால் என்னைக் கேட்கவில்லை. பிரேக்கை முழுசாக மிதித்தது. ஏற்றத்தில், வளைவு நடுவில், வண்டி செத்து நின்றது. நின்ற வண்டி சாய்ந்தது. மிச்சத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அதனால்தான் அந்தக் கண்ணாடிப் பிள்ளை நம்பர் கேட்டபோது வேண்டாம் என்றேன். "வண்டியை எங்க வேன்ல ஏத்தி கீழ இறக்கிடலாம் அஜ்ஜி, சும்னே ரிஸ்க் எதுக்கு" என்றான். நல்ல பிள்ளை. "ஏத்தறதுன்னா மேல ஏத்துப்பா, கீழ எதுக்கு?" என்றேன். பிரேக் மிதி வளைந்திருந்தது. ஒரு கல்லை எடுத்துத் தட்டி நிமிர்த்தினேன். லூர்து ஆயா வேலை பார்த்தவள் அல்லவா, பத்மாவின் முழங்கையைக் கழுவித் தன் கைக்குட்டையால் கட்டினாள். உதைத்தேன். மூன்றாம் உதையில் வண்டி பேசியது.

படம் பிடித்தவன் கடைசிவரைக்கும் பிடித்தான். "பிடிச்சிட்டியா?" என்று கேட்டேன். தலையாட்டினான். "விழுந்ததைப் பிடிச்ச, ஏர்றதையும் பிடி" என்றேன்.

ஏரிக்கரை மைதானம்

மேலே போய், ஏரிக்கரையில் வெறும் மைதானமாக இருந்த இடத்தில் நிறுத்தினோம். புளியோதரை போனதால் லூர்து கொண்டுவந்த பன்னும் அவித்த முட்டையும்தான். பத்மா முட்டை தின்ன மாட்டாள், வெறும் பன்னைப் பிய்த்தாள்.

லூர்து சாப்பிடவில்லை.

"நான் பஸ்ஸுல இறங்கறேன்" என்றாள்.

"ஏண்டி?"

"எதுக்குடி அங்க நிறுத்தின? எதிர்க்க ஒரு வண்டி வந்திருந்தா? நானு உன்னை நம்பி ஏறினேன்."

நான் சொன்னேன். மணியை, தோளை, ஆறேழு வருஷத்தை. அதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. அது புருஷன் பெண்டாட்டி பேச்சு.

ஏரியில் யாரோ படகு மிதித்தார்கள். பிறகு பத்மா, கடையில் பாத்திரத்துக்கு நிறை சொல்கிற அதே குரலில் சொன்னாள். "அக்கா, கோவிச்சிக்காதீங்க. பின்னாடி உக்கார்றவங்க கைபட்டா நின்னுடற வண்டியை, உங்க பையன் விக்கச் சொல்றதுல தப்பில்ல."

இத்தனை நாளும் மகன் சொன்னதெல்லாம் வயசு. வயசுக்கு என்னிடம் பதில் இருந்தது. இதற்கு இல்லை. போன் பண்ணாமல் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம், பந்தயத்தில் ஜெயித்துவிடலாம். ஆனால் இன்னொரு நாள், இன்னொருத்தியை ஏற்றிக்கொண்டு, இன்னொரு தட்டு பட்டால்?

எழுந்தேன். வண்டியில் உட்கார்ந்தேன்.

"லூர்து, ஏறு. இந்த மைதானத்துலயே சுத்தலாம். ஓட ஓட நீ தட்டு. என் காலு நிக்காம ஓடற வரைக்கும் தட்டு. அது கேக்கலைன்னா நானே அந்த வேனைத் தேடிப் போய், வண்டியை ஏத்தச் சொல்லி, சாமுவேலுக்கு போன் போட்டு, சாவியைக் குடுத்துடறேன். யாரும் எனக்குச் சொல்ல வேணாம்."

லூர்து சிலுவை போட்டுக்கொண்டு ஏறினாள்.

முதல் தட்டு. கால் மிதித்தது. இரண்டாவது தரம், தட்டு வரப்போகிறது என்று தெரிந்தும் மிதித்தது. அதற்கப்புறமும் மிதித்தது. என் கால் எனக்கு எதிரி ஆன மாதிரி இருந்தது. அதை என்ன திட்டுவது? அது சொன்ன பேச்சு கேட்கிறது. சொன்னவர்தான் இல்லை.

ஓரத்தில் நின்ற பத்மா கத்தினாள். "அக்கா! தட்டறது யாருன்னு வாய்விட்டுச் சொல்லுங்க! பேரைச் சொல்லுங்க!"

தட்டு விழுந்தது. "இது லூர்து!" என்று கத்தினேன். கால் பாதி மிதித்து, விட்டது.

தட்டு. "இது லூர்து!" கால் தொட்டது.

தட்டு. "இது லூர்து!" ஏரிக்கரையில் ஐஸ் விற்றவன் எங்களையே பார்த்தான். பைத்தியம் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

எத்தனை சுற்று என்று நான் எண்ணவில்லை. ஒரு தட்டு விழுந்தது, நான் பேரைச் சொன்னேன், கால் இருந்த இடத்திலேயே இருந்தது. வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

எனக்கு அழுகை வந்தது. அந்த ஒரு தட்டு அவருடையது. அதை நானே என் காலிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டேனோ என்று இருந்தது. அழுதுகொண்டே இன்னொரு சுற்று வந்தேன். ஓட்டுவதற்கு அழுகை ஒன்றும் இடைஞ்சல் இல்லை.

"தட்டட்டுமா?" என்றாள் லூர்து மெதுவாக.

"தட்டு. நான் சொல்ற வரைக்கும் தட்டு."

இறக்கம்

பஸ்ஸில் போகிறேன் என்றவள் பஸ்ஸைப் பற்றிப் பேசவே இல்லை. ஆளுக்கொரு பலாப்பழம் வாங்கினோம். ஆம்பிளைகள் வாங்கினார்களே, நாங்கள் மட்டும் சும்மாவா? பத்மாவின் ஸ்கூட்டர் முன்னால் மூன்றையும் அடுக்கிக் கட்டினோம். கர்ப்பிணி மாதிரி அவள் இறங்கினாள்.

இறங்கும்போது அந்த வளைவு வந்தது. ரோட்டில் வாழையிலை இன்னும் கிடந்தது. எதிரில் பஸ் ஒன்று மூச்சிறைக்க ஏறி வந்தது. லூர்து பயத்தில் என் தோளை ஓங்கி ஒரு அடி அடித்தாள். இது விளையாட்டுத் தட்டு இல்லை.

"இது லூர்து" என்றேன், பல்லைக் கடித்து. பஸ்ஸுக்கு ஓரம் விட்டு, கியர் மாற்றாமல், வளைவைச் சுற்றி இறங்கினேன்.

"பாவி" என்றாள் லூர்து, என் முதுகில் முகத்தை வைத்து. "நெசமாவே நிக்கலியே."

பொழுது இருக்கும்போதே வீடு வந்தேன். மகன் கேட்டில் நின்றான். கையில் போன்.

"விழுந்தியாமே."

"விழுந்தேன். உனக்கு போன் வந்திச்சா?"

"வரல. வீடியோ வந்திச்சி. எங்க ரயில் குரூப்புல எல்லாரும் பாத்துட்டாங்க."

"வீடியோன்றது போன் இல்ல" என்றேன். பலாப்பழத்தை அவன் கையில் கொடுத்தேன்.

அவன் சாவிக்காகக் கையை நீட்டவும் இல்லை, நீட்டாமலும் இல்லை. பழத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். சாவி என் இடுப்பில் இருந்தது. அங்கேயே இருந்தது.

மறுநாள் சர்ச்சில் எல்லோர் கண்ணும் என்மேல். ஒரு மூப்பர் வீட்டம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வயசுல இதெல்லாம் தேவையா சலோமி?" என்றார்கள். "இந்த வயசுலதாங்க நேரம் கெடைச்சிச்சி" என்றேன். பிறகு பாட்டுக்கு எழுந்து நின்றேன். முட்டி வலித்தது. காட்டிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை

திங்கட்கிழமை விடிகாலை சாமுவேலைக் கூட்டிப்போகிற ஆட்டோ வரவில்லை. வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தான். கடிகாரத்தைப் பார்த்தான். நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். கொண்டுபோய் விடச் சொல்லிக் கேட்கட்டும் என்று இருந்தேன். கேட்கவில்லை. பிள்ளை யாருடைய பிள்ளை?

டம்ளரைக் கழுவி வைத்தேன். வண்டியை உதைத்தேன். "ஏறு" என்றேன்.

இரண்டு நிமிஷம் நின்றான். ஏறினான். பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, நான் ஏதோ கண்ணாடிப் பாத்திரம் என்பதுபோல எட்டி உட்கார்ந்தான். அவனைக் கடைசியாக நான் ஏற்றிக்கொண்டு போனது எப்போது? போனதே இல்லை. அப்பா உட்கார்ந்து போவதைக் கேட்டில் நின்று பார்த்தவன் அவன்.

மாரிகுப்பம் ஸ்டேஷன் விளக்குகள் தெரிந்தன. கேட் வந்தது.

வலது தோளில் ஒரு தட்டு. அவர் தட்டுகிற அதே இடம். அதே கனம். பார்த்துப் பார்த்துக் கற்றிருக்கிறான்.

"இது சாமுவேல்" என்றேன்.

கால் அசையவில்லை. ஸ்டேஷன் கேட் பக்கவாட்டில் போயிற்று. டீக்கடை போயிற்று. புளியமரம் போயிற்று.

"அம்மா! ஸ்டேஷன் போச்சு!"

"பாத்தேன்."

"தட்டினேனே!"

"தட்டினா நிக்கறது உங்கப்பாவுக்கு. அவருக்கு மூச்சில்ல. உனக்கு நல்லாத்தானே கீது? வாயால கேளு."

ரயில் ஊதியது. அவன் நிறுத்தச் சொல்லவில்லை. இன்னொரு கம்பம் போயிற்று. ஊதல் மறுபடி கேட்டது. பின்னால் ஒரு நீளமான மூச்சு வாங்குகிற சத்தம். நல்ல மூச்சு, தூசியில்லாத மூச்சு.

"அம்மா. நிறுத்தும்மா. உன் வண்டியை கொஞ்சம் நிறுத்து."

உன் வண்டி என்றான். நிறுத்தினேன்.

இறங்கி ஓடினான். ஓடுகிறவன் ஒரு தரம் திரும்பி, "பாத்துப் போ" என்று கத்தினான். ரயிலைப் பிடித்துவிட்டான்.

திரும்பி வரும்போது பின்சீட் காலி. வழியெல்லாம் வெறும் ரோடு. வேகமாகவே வந்தேன்.